எந்த ரேம் யாருக்குப் பக்கம்? இரட்டை சாக்கெட் சர்வரில் நினைவகத்தை இடமறிந்து வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் எங்கள் ஸ்கேன் வேலை நடப்பது ஒரு பழைய நகரத்தார் வீட்டின் பின்கட்டில். பழைய பேரேடுகள், பத்திரங்கள், மொய்க் கணக்குகள் என்று வருவதையெல்லாம் படமெடுத்து, கறை நீக்கி, எழுத்தைத் தெளிவாக்கிக் கொடுப்போம். முன்னால் பெரிய வளவு, அதாவது நடு முற்றம். அதைச் சுற்றி வரிசையாக அறைகள். குடிவந்த முதல் நாள் வீட்டுக்கார ஆச்சி அந்த அறைகளைக் காட்டிச் சொன்னார்: "கல்யாணமாகி வேறு வச்சுட்டா ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அறை, தனி அடுப்பு. அவுகவுக சாமான் அவுகவுக அறையில. அடுத்த அறையில எடுக்கக் கூடாதுன்னு இல்ல தம்பி, வளவைச் சுத்திப் போயி எடுக்கணும், அம்புட்டுத்தான்."

புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பம். அப்போது தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். சில மாதம் கழித்து, இரண்டு பிராசசர் போட்ட பழைய சர்வர் ஒன்றை வாங்கி, அது ஏன் எதிர்பார்த்த வேகத்தில் ஓடவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டபோதுதான் ஆச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தப் பெட்டிக்குள்ளும் அதே ஏற்பாடுதான். இரண்டு புள்ளி, இரண்டு அறை, நடுவில் ஒரு வளவு.

இந்த வழிகாட்டி லினக்ஸை வைத்து எழுதியது. கட்டளைகளின் பெயரை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்: நியூமா என்றால் என்ன

ஒரு காலத்தில் இரண்டு பிராசசர் உள்ள கம்ப்யூட்டரில் இரண்டும் ஒரே பொதுப் பாதை வழியாக ஒரே நினைவகத்துக்குப் போகும். யாருக்கும் பக்கம் இல்லை, யாருக்கும் தூரம் இல்லை. பிராசசர்கள் கூடக் கூட அந்தப் பாதையில் நெரிசல். அதனால் ஒவ்வொரு பிராசசருக்கும் தனி ரேமைப் பக்கத்திலேயே கொடுத்து, பிராசசர்களுக்கு நடுவே ஓர் இணைப்பு போட்டார்கள். இதன் பெயர் நியூமா. எல்லா நினைவகமும் எல்லோருக்கும் எட்டும். ஆனால் எட்டுவதற்கு ஆகும் நேரம் ஒன்றல்ல. 1996-இல் வந்த எஸ்ஜிஐ ஆரிஜின் 2000 போன்ற பெரிய இயந்திரங்களில் இருந்த இந்த ஏற்பாடு, 2003-இல் ஏஎம்டி ஆப்டெரானோடு சாதாரண சர்வர்களுக்கு வந்தது. சில ஆண்டுகளில் இன்டெல் நெஹலேமும் நினைவகக் கட்டுப்பாட்டைச் சிப்புக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. இன்று இரண்டு சாக்கெட் (பிராசசர் செருகும் இடம்) உள்ள எந்த சர்வரை வாங்கினாலும் அது நியூமாதான்.

ஒரு பிராசசரும் அதை ஒட்டிய ரேமும் சேர்ந்தது ஒரு நோடு. பக்கத்து ரேமைத் தொட ஏறக்குறைய 80 முதல் 100 நானோ விநாடி ஆகும் இயந்திரத்தில், எதிர்ப்பக்க ரேமைத் தொட அதைப்போல ஒன்றரை மடங்கு ஆகலாம். ஒரு தடவைக்கு இது ஒன்றுமே இல்லை. விநாடிக்குக் கோடிக்கணக்கில் தொடும் வேலைக்குத்தான் வலிக்கும்.

படி 1: பெட்டியைத் திறக்காமல் உள்ளே பாருங்கள்

முதலில் எல்எஸ்சிபியூ கட்டளை. எத்தனை நோடு, எந்தக் கோர் (பிராசசருக்குள் இருக்கும் தனிக் கணிப்பு அலகு) எந்த நோடில் என்று நியூமா என்று தொடங்கும் வரிகளில் சொல்லிவிடும். அப்புறம் நியூமாசிடிஎல் கட்டளையை 'ஹார்டுவேர்' என்ற தேர்வோடு ஓட்டுங்கள். ஒவ்வொரு நோடிலும் மொத்தம் எவ்வளவு ரேம், எவ்வளவு காலி, நோடுகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று ஒரு பட்டியல் வரும்.

தூரம் நானோ விநாடியில் இருக்காது. தன் நோடுக்கே உள்ள தூரம் 10 என்று வைத்துக்கொண்டு மற்றதை அதோடு ஒப்பிட்ட எண் அது. இரண்டு சாக்கெட் பெட்டிகளில் எதிர் நோடு 20 அல்லது 21 என்று இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். இந்த எண்ணை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அளந்து பார்ப்பதில்லை. பெட்டி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் தரும் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால் 21 என்றவுடன் இரண்டு மடங்குக்கு மேல் மெதுவு என்று பயந்துவிட வேண்டாம்.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் பெட்டியில் முதல் தடவை இந்தக் கட்டளையை ஓட்டியபோது நோடு 0-இல் 128 ஜிபி, நோடு 1-இல் 0 என்று வந்தது. பெட்டியை விற்றவர் எட்டு ரேம் குச்சிகளையும் முதல் பிராசசரின் பக்கமே செருகியிருந்தார். மொத்தக் கணக்கு சரியாக இருந்ததால் வாங்கும்போது நானும் கவனிக்கவில்லை. இரண்டாவது பிராசசரின் எட்டுக் கோர்களும் ஒவ்வொரு பைட்டுக்கும் வளவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்து நான்கு மெமரி சேனல்களும் (பிராசசரிலிருந்து ரேமுக்குப் போகும் பாதைகள்) சும்மா கிடந்தன. மென்பொருளில் எதை மாற்றினாலும் இது தீராது. பவரை அணைத்து, நான்கு குச்சிகளைக் கழற்றி, இரண்டாவது பிராசசரின் பக்கம் சேனலுக்கு ஒன்றாகப் போட்டேன். எந்த ஸ்லாட் எந்தச் சேனல் என்பது மூடியின் உள்பக்க வரைபடத்திலோ கையேட்டிலோ இருக்கும், குத்துமதிப்பாகச் செருகாதீர்கள்.

பயாஸில் இன்னொன்றும் பாருங்கள். 'நோடு இன்டர்லீவிங்' என்ற தேர்வு இயக்கத்தில் இருந்தால், வன்பொருளே நினைவகத்தை இரண்டு பக்கமும் கலந்து கொடுத்து, ஒரே நோடு இருப்பதுபோல் காட்டும். கெர்னலுக்கு எதையும் இடம் பார்த்து வைக்க வழியிருக்காது. அதை அணைத்துவிடுங்கள். மாறாக, ஒரே சாக்கெட்டில் இரண்டு, நான்கு நோடு தெரிந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். 2017-இல் வந்த முதல் தலைமுறை எபிக்கில் ஒரு சாக்கெட்டுக்குள்ளேயே நான்கு நோடுகள் உண்டு. அடுத்த தலைமுறைகளில் அது பயாஸில் தேர்ந்தெடுக்கும் விஷயமாகிவிட்டது.

படி 2: இடம் எப்போது முடிவாகிறது

அவசரம் என்றால் மற்றப் படிகளை மேலோட்டமாகப் பாருங்கள். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளம்பின.

நிரல் ஒன்று மால்லாக் (நினைவகம் கேட்கும் நூலகச் செயல்கூறு) மூலம் 10 ஜிபி கேட்கிறது. கெர்னல் உடனே சரி என்கிறது. ஆனால் அந்த நேரத்தில் ரேமில் ஒரு பக்கம்கூட (பேஜ், கெர்னல் நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் சிறு துண்டு) ஒதுக்கப்படவில்லை. 'இந்த முகவரி வரம்பு உனக்கு' என்று ஏட்டில் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறது, அவ்வளவுதான். நிரல் அந்த வரம்பில் ஓரிடத்தில் முதன்முதலாக எழுதும்போது, அங்கே பக்கம் இல்லை என்று பிராசசர் தடுத்து நிறுத்தும். இதுதான் பேஜ் ஃபால்ட். கெர்னல் அப்போதுதான் எழுந்து, 4 கேபி அளவுள்ள ஓர் உண்மைப் பக்கத்தைத் தேடுகிறது. எங்கே தேடும்? வேறு கொள்கை எதுவும் சொல்லியிருக்காவிட்டால், எழுதிய திரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை ஓட்டம்) அந்தக் கணத்தில் எந்தக் கோரில் ஓடுகிறதோ, அந்தக் கோரின் நோடில். அங்கே இல்லையென்றால் தூர வரிசையில் அடுத்த நோடு.

ஆக, நினைவகத்தைக் கேட்டவர் யார் என்பது கணக்கில் வராது. முதலில் தொட்டவர் யார் என்பதுதான் கணக்கு. தொடுவது என்றால் எழுதுவது. ஒருமுறையும் எழுதாத பக்கத்தை வெறுமனே படித்தால், எல்லோருக்கும் பொதுவான ஒரு பூஜ்யப் பக்கத்தைக் காட்டிக் கெர்னல் சமாளித்துவிடும்.

இதில்தான் நானும் மாட்டினேன். எங்கள் படச் செயலாக்க நிரலில் பிரதான திரெட் பெரிய பஃபர் ஒன்றை வாங்கி, சுத்தமாக இருக்கட்டும் என்று முழுவதும் பூஜ்யத்தை நிரப்பும். அப்புறம் 16 திரெட்கள் ஆளுக்கொரு பங்கை எடுத்து வேலை செய்யும். பார்க்க ஒழுங்கான நிரல். ஆனால் பூஜ்யம் நிரப்பியவர் ஒருவர். அவர் ஓடியது நோடு 0-இல். ரேம் குச்சிகளைச் சரியாகப் பிரித்துப் போட்ட பிறகும் பஃபர் முழுவதும் நோடு 0-இலேயே உட்கார்ந்திருந்தது. வீட்டுச் சாமான் மொத்தத்தையும் மூத்தவர் தன் அறையில் இறக்கிவைத்துக்கொண்டது போல.

தீர்வு சின்னது. பூஜ்யம் நிரப்பும் வேலையையும் திரெட்களிடமே கொடுத்துவிடுங்கள். எந்தப் பங்கில் யார் வேலை செய்யப் போகிறாரோ, அவரே அதை முதலில் தொடட்டும். ஓபன்எம்பி (சுழற்சிகளைத் திரெட்களுக்குப் பங்கிட்டுத் தரும் வசதி) பயன்படுத்துபவர்கள் நிரப்பும் சுழற்சிக்கும் வேலைச் சுழற்சிக்கும் ஒரே ஸ்டாட்டிக் பங்கீட்டைக் கொடுத்தால் போதும். கூடவே திரெட்களைக் கோர்களோடு கட்டிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பக்கம் தொட்டவர் அந்தப் பக்கம் போய் வேலை செய்வார்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, ஃப்ரீ செய்த நினைவகம் உடனே கெர்னலுக்குத் திரும்பும் என்று நினைப்பது. சின்னத் துண்டுகளை மால்லாக் நூலகம் தன் கையிலேயே வைத்திருந்து அடுத்து கேட்பவருக்குக் கொடுக்கும். அந்தப் பக்கம் பழைய நோடிலேயே இருக்கும். புதிதாகத் தொட்டாலும் நகராது. இரண்டாவது, பெரிய பக்கங்கள். டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ் இயக்கத்தில் இருந்தால், ஒரு பைட்டைத் தொட்டதும் 2 எம்பி மொத்தமாக ஒரே நோடில் வந்து இறங்கலாம். அதாவது சாதாரணப் பக்கங்கள் 512 ஒரே தொடுதலில். இரண்டு நோடுத் திரெட்களின் பங்குகள் ஒரே 2 எம்பிக்குள் அமைந்துவிட்டால், ஒருவருக்கு எப்போதும் தூரம்தான். பங்குகளை 2 எம்பி எல்லையில் பிரியுங்கள்.

படி 3: எண்களைப் படியுங்கள், ஏமாறாமல்

நியூமாஸ்டாட் கட்டளை ஒவ்வொரு நோடுக்கும் சில எண்ணிக்கைகள் தரும். 'நியூமா ஹிட்' என்றால் இந்த நோடில் கேட்ட பக்கம் இங்கேயே கிடைத்தது. 'நியூமா மிஸ்' என்றால் வேறு நோடில் கேட்ட பக்கம் அங்கே இடமில்லாமல் இங்கே வந்தது. 'நியூமா ஃபாரின்' அதன் மறுபக்கம்: இங்கே கேட்டது அங்கே போனது.

மிஸ் குறைவாக இருந்தால் எல்லாம் நலம் என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். தவறு. இந்த எண்கள் பக்கத்தை ஒதுக்கிய தருணத்தைத்தான் எண்ணுகின்றன; பிறகு யார் எங்கிருந்து வந்து அதைப் படிக்கிறார்கள் என்பதை எண்ணுவதில்லை. மேலே சொன்ன என் நிரலில் ஹிட் கிட்டத்தட்ட முழுசு. பிரதான திரெட் நோடு 0-இல் கேட்டது, நோடு 0-இலேயே கிடைத்தது. கணக்கு சுத்தம், வேலை மெதுவு.

உண்மையைப் பார்க்க இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நியூமாஸ்டாட்டுக்கு 'பி' தேர்வோடு பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எண்ணைக் கொடுத்தால், அந்தப் பிராசஸின் நினைவகம் எந்த நோடில் எவ்வளவு என்று வரும். பிஎஸ் கட்டளையில் 'பிஎஸ்ஆர்' பத்தியைக் கேட்டால் ஒவ்வொரு திரெட்டும் இப்போது எந்தக் கோரில் என்று வரும். திரெட்கள் இரண்டு பக்கமும் பரவி, நினைவகம் ஒரே பக்கம் குவிந்திருந்தால் சங்கதி புரிந்துவிடும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க, பிராக் அடைவில் அந்தப் பிராசஸின் 'நியூமா மேப்ஸ்' கோப்பைத் திறங்கள். ஒவ்வொரு முகவரி வரம்புக்கும் ஒரு வரி. 'என்0', 'என்1' என்பதற்கு எதிரே பக்கங்களின் எண்ணிக்கை இருக்கும்.

படி 4: கொள்கையைத் தேர்ந்தெடுங்கள்

நிரலைத் திருத்த வழியில்லை, ஆனால் ஓட்டும் விதம் உங்கள் கையில் என்றால், நியூமாசிடிஎல் மூலமாக ஓட்டலாம்.

ஒரு நோடுக்குள் அடங்கும் வேலைக்கு 'சிபியூநோடுபைண்ட்' கொடுத்து அதை ஒரு நோடின் கோர்களில் கட்டிவிடுங்கள். நினைவகத்துக்குத் தனியாக எதுவும் சொல்ல வேண்டாம்; முதலில் தொட்டவர் விதிப்படி அதுவாகவே பக்கத்தில் வரும். எங்களிடம் இரண்டு படச் செயலிகள் தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்றை இங்கே, ஒன்றை அங்கே கட்டிவிட்டேன். பெரிய மூளை வேலை ஒன்றும் இல்லை, பலன் நன்றாக இருந்தது.

'மெம்பைண்ட்' கடுமையான உத்தரவு. அந்த நோடில் மட்டுமே எடு, வேறெங்கும் போகாதே. அந்த நோடு நிரம்பிவிட்டால், எதிர்ப்பக்கம் 40 ஜிபி காலியாக இருந்தாலும் கெர்னல் அங்கே போகாது. ஸ்வாப் செய்யப் பார்க்கும், அதாவது பக்கங்களை டிஸ்க்குக்குத் தள்ளப் பார்க்கும். முடியாவிட்டால் உங்கள் பிராசஸையே கொன்றுவிடும். 'ரேம் பாதி காலி, ஆனாலும் மெமரி போதவில்லை என்று கொல்லப்பட்டது' என்று யாராவது புலம்பினால், முதலில் இதைத்தான் கேட்பேன். பெரும்பாலானவர்களுக்கு 'பிரிஃபர்டு' போதும். அது இயன்றவரை இங்கே, இல்லாவிட்டால் அங்கே என்று போகும்.

'இன்டர்லீவ்' ஒரு பக்கம் இங்கே, ஒரு பக்கம் அங்கே என்று மாற்றி மாற்றி வைக்கும். எல்லாத் திரெட்களும் எல்லா இடத்தையும் தொடும் வேலைக்கு இது ஏற்றது. டேட்டாபேஸின் பெரிய பொது பஃபர் சரியான உதாரணம். அதை யாருக்கும் பக்கமாக வைக்க முடியாது. பிரித்து வைத்தால் இரண்டு பக்கச் சேனல்களும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. மொத்த ரேமில் முக்கால் பங்கை ஒரே பிராசஸ் எடுக்கும்போது, அது ஒரு நோடை நிரப்பிவிட்டு மறு நோடைப் பாதி காலியாக விடும். நிரம்பிய நோடில் மட்டும் நெருக்கடி ஏற்பட்டு ஸ்வாப் தொடங்கும். இன்டர்லீவ் அந்தச் சாய்வைத் தவிர்க்கும். லினக்ஸ் 6.9 முதல் நோடுக்கு நோடு வேறு வேறு விகிதத்தில் பிரிக்கும் வகையும் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ரேம் உள்ள நமக்கு அது தேவையில்லை.

படி 5: தானாக நடக்கும் சமன்படுத்தலை என்ன செய்வது

ஒன்றுமே செய்யாவிட்டாலும் கெர்னல் சும்மா இருப்பதில்லை. 2013-இல் வந்த 3.8 பதிப்பில் அடித்தளம் போட்டு, 3.13-இல் நன்றாகத் தேற்றிய வசதி ஒன்று உண்டு: நியூமா பேலன்சிங். கெர்னல் அவ்வப்போது பிராசஸின் முகவரி வெளியில் ஒரு பகுதியை எடுத்து, அதிலுள்ள பக்கங்களை வேண்டுமென்றே 'அணுக முடியாது' என்று குறித்துவைக்கும். அடுத்து யாராவது தொட்டால் ஃபால்ட் வரும். எந்தக் கோரிலிருந்து தொட்டார்கள் என்று அதில் தெரிந்துவிடும். ஒரே நோடிலிருந்து அடுத்தடுத்துத் தொடுவது உறுதியானால், பக்கத்தை அந்த நோடுக்குப் பெயர்க்கும். சில சமயம் பக்கத்தை விட்டுவிட்டுத் திரெட்டையே நினைவகம் இருக்கும் பக்கம் நகர்த்தும்.

நீண்ட நேரம் ஓடும், பங்கு பிரித்து வேலை செய்யும் நிரல்களுக்கு இது நல்லது. நிமிடத்தில் முடியும் வேலைக்கு, கெர்னல் வேவு பார்த்து முடிப்பதற்குள் வேலையே முடிந்துவிடும். எல்லோரும் எல்லாவற்றையும் தொடும் டேட்டாபேஸுக்கு, வேவு பார்க்கும் செலவு மட்டும் மிஞ்சலாம். நீங்களே எல்லாவற்றையும் கட்டிவைத்துவிட்டால், 'நியூமா பேலன்சிங்' என்ற கெர்னல் அமைப்பை 0 ஆக்கி, அளந்து பாருங்கள். அளக்காமல் அணைக்காதீர்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது 'ஜோன் ரீக்ளெய்ம் மோடு'. அது 0 அல்லாமல் இருந்தால், கெர்னல் எதிர் நோடுக்குப் போவதற்கு முன் இந்த நோடிலுள்ள கோப்புக் கேஷை (டிஸ்க்கிலிருந்து படித்து ரேமில் வைத்திருக்கும் கோப்பு நகல்) துரத்திவிட்டு இடம் பண்ணப் பார்க்கும். பல கோப்புகளைப் படிக்கும் சர்வரில் இது எரிச்சல் தரும். 3.16 முதல் இயல்பாகவே 0 தான். பழைய அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்துக்கொண்டு வந்தவர்கள் மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: யாரும் சந்தேகப்படாத ஆள்: கோப்புக் கேஷ்

டிஸ்க்கிலிருந்து படித்த கோப்பு ரேமில் தங்கும். எந்த நோடில்? படித்த பிராசஸ் ஓடிய நோடில். இதை நான் மறந்திருந்தேன். எங்களிடம் இரவில் ஸ்கேன் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கும் வேலை ஓடும். அது நோடு 0-இல் ஓடி, அந்தப் பக்கத்தைக் கேஷால் நிரப்பிவிடும். காலையில் செயலி நோடு 0-இல் தொடங்கி நினைவகம் கேட்கும். அங்கே காலி இல்லை. மேலே சொன்ன 'ஜோன் ரீக்ளெய்ம் மோடு' 0 என்பதால், கேஷைத் துரத்தாமல் கெர்னல் நேரே நோடு 1-க்குப் போய்விடும். திங்கட்கிழமை வேகமாக ஓடியது செவ்வாய்க்கிழமை மெதுவாக ஓடும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

இதற்கு நான் செய்தது: நகலெடுக்கும் வேலையை இன்டர்லீவ் கொள்கையோடு ஓட்டினேன். கேஷ் இரண்டு பக்கமும் சமமாகப் பரவிவிடும். செயலியைத் தொடங்கும் முன் கேஷை முழுக்கக் காலி செய்வதும் ஒரு வழி. சோதனை நேரத்தில் சரி, தினசரி வழக்கமாக்கினால் படித்த கோப்பையே மறுபடி மறுபடி படிக்க வேண்டிவரும்.

நெட்வொர்க் கார்டும் வேகமான எஸ்எஸ்டியும்கூட ஏதாவது ஒரு நோடில்தான் செருகப்பட்டிருக்கும். அவற்றின் 'நியூமா நோடு' கோப்பு சிஸ் அடைவில் இருக்கிறது. -1 என்று இருந்தால் கெர்னலுக்குத் தகவல் இல்லை என்று பொருள். எண் இருந்தால், அந்தக் கார்டை நம்பியிருக்கும் வேலையை அதே நோடில் கட்டுங்கள்.

விண்டோஸில் இதே கதைக்கு வேறு பெயர்கள். அங்கே ஒவ்வொரு திரெட்டுக்கும் ஓர் 'ஐடியல் பிராசசர்' உண்டு. முதலில் தொடும்போது அதன் நோடிலிருந்து எடுக்கப் பார்க்கும். குறிப்பிட்ட நோடைக் கேட்க 'விர்ச்சுவல் அல்லாக் எக்ஸ் நியூமா' இருக்கிறது.

படி 7: மின்தடைக்குப் பிறகும் நிலைக்கும்படி செய்யுங்கள்

டெர்மினலில் கையால் கொடுத்த ஏற்பாடு அந்த ஒரு ஓட்டத்துக்குத்தான். இங்கே பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் கரண்ட் போகும் நாட்கள் உண்டு. யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் பெட்டியை அணைத்துத்தான் ஆக வேண்டும். திரும்பி எழும்போது எந்தச் சேவை முதலில் தொடங்கும், எந்த நோடில் தொடும் என்பதெல்லாம் மாறிவிடும். அதனால் எல்லாவற்றையும், சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில் எழுதுங்கள். 'நியூமா பாலிசி', 'நியூமா மாஸ்க்', 'சிபியூ அஃபினிட்டி' என்று மூன்று வரிகள். 243-ஆம் பதிப்பு முதல் நியூமா வரிகள் இரண்டும் உண்டு. அதற்கு முந்தையது என்றால் தொடக்கக் கட்டளையின் முன்னால் நியூமாசிடிஎல் சேர்த்துவிடுங்கள்.

இயங்கிக்கொண்டிருக்கும் பிராசஸ் ஒன்று தவறான பக்கம் உட்கார்ந்துவிட்டால், நிறுத்தாமலே நகர்த்த 'மைகிரேட்பேஜஸ்' கட்டளை இருக்கிறது. பிராசஸ் எண், எங்கிருந்து, எங்கே என்ற மூன்றையும் கொடுத்தால் போதும். பல ஜிபி என்றால் கொஞ்ச நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் வேலை மந்தமாகும்.

போன மாதம் கரண்ட் போய் வந்த பிறகு பெட்டியை எழுப்பி, சேவைகள் தொடங்கியதும் நியூமாஸ்டாட்டைப் பார்த்தேன். ஒரு செயலியின் நினைவகம் முழுக்க நோடு 0-இல், மற்றதன் நினைவகம் முழுக்க நோடு 1-இல். வளவில் ஆச்சி கவுனி அரிசியைக் காயவைத்துக்கொண்டிருந்தார். "கரண்ட் வந்துருச்சா தம்பி, எல்லாம் ஓடுதா?" என்றார். "ஓடுது ஆச்சி, அவுகவுக அறையில" என்றேன்.